பதினோராவது வடை

எண்ணிவிட்டால் எதுவும் கட்டுக்குள் வந்துவிடும் என்று எழுபத்திரண்டு வருடம் நம்பியவன் நான். மாடிப்படி, மாத்திரை, இட்லி, தும்மல், எதையும் விடுவதில்லை. (ரிட்டையர்டு கணக்கு வாத்தியார், வேறென்ன செய்வான்?) போன வருடம் ஸ்ரீராம்புரத்தில், சம்பந்தி வீட்டில், ஒரு மத்தியானம் அந்த நம்பிக்கை போயிற்று.

சர்க்கரையும் எடையும் குறைய டாக்டர் வாரம் ஒரு ஊசி எழுதிக் கொடுத்திருந்தார். நானே வயிற்றில் போட்டுக்கொள்வேன். நான்கு வாரத்தில் மூன்று கிலோ போயிற்று. கூடவே சோற்றைப் பார்க்கிற தைரியமும் போயிற்று, பார்த்தாலே குமட்டல்.

"ஸ்வல்ப ஸ்வல்ப சாப்பிடுங்க சார். எண்ணெய்ப் பலகாரம் பேடா. சாப்பிட்ட உடனே படுக்காதீங்க" என்றார் டாக்டர், தமிழும் கன்னடமுமாக. (ஸ்வல்ப என்றால் கொஞ்சம், பேடா என்றால் வேண்டாம்.)

வேளைக்கு ஒன்பது கவளம் என்று வைத்துக்கொண்டேன். குமட்டினால் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி எண்ணுவேன். பெரும்பாலும் அறுபதுக்குள் அடங்கிவிடும்.

சனிக்கிழமை போட வேண்டிய ஐந்தாவது ஊசியில் மருந்தின் அளவு கூடும். அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள்தான் சம்பந்தியின், அதாவது என் மகளுடைய மாமனாரின், வருஷத் திதி.

"டாக்டரைக் கேட்டு ரெண்டு நாள் தள்ளிப் போட்டுக்கங்க. அங்க வந்து மானத்தை வாங்காதீங்க" என்றாள் மனைவி.

"ஏழு நாள்னா ஏழு நாள்தான்."

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா வாசலிலேயே என்னை நிறுத்தினார். கையில் மாவு. கடைசி நாட்களில் அவர் கணவர் ஒரே ஒரு வடை கேட்டிருக்கிறார். டாக்டர் கூடாதென்றதால் இவர் தரவில்லை. மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். அதன்பின் அந்த வீட்டில் வடைச்சட்டி அடுப்பேறியது அன்றுதான்.

"இன்னைக்கு வந்து ஒண்ணாவது எடுத்துப்பாரா அண்ணா?"

நான் வாயைத் திறப்பதற்குள் எண்ணெய்ப் புகை மூக்கில் ஏறிவிட்டது. உள்ளறைக்கு ஓடினேன். சம்பந்தி கடைசியாகப் படுத்திருந்த கட்டிலுக்கு அந்தப் பக்கம், சுவரோரம், தரை சில்லென்றிருந்தது. படுத்தேன். (சாப்பிட்ட உடனேதானே படுக்கக் கூடாது? நான் சாப்பிடவே இல்லையே!) அப்படியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது இருட்டு. ஜன்னல் சாத்தியிருந்தது. கட்டிலுக்கு அப்பால் ஒரு விளக்கு. அதற்குப் பின்னால் மாலையோடு சம்பந்தியின் போட்டோ. என்னைவிடத் தெம்பாக இருந்தார். முன்னால் பெரிய தலைவாழை இலை நிறையப் படையல். கட்டில் மறைவில் என்னை யாரும் பார்க்கவில்லை போலும், கதவும் சாத்தியிருந்தது.

படையல் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பது அவர்கள் வழக்கம். போனவர் வந்து சாப்பிட அவகாசம் கொடுத்து, பிறகு தட்டித் திறப்பார்கள். அதுவரை யாரும் உள்ளே வரக் கூடாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவன் என்ன செய்வது என்பதை யாரும் வகுத்து வைக்கவில்லை.

கட்டில் விளிம்பில் மோவாயை வைத்து வடைகளை எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்று. அப்போதுதான் வறுத்த மீன் வாசனை வந்து தாக்கியது. அடிவயிற்றிலிருந்து ஒரு ஓங்கரிப்பு. அது என் குரல் மாதிரியே இல்லை.

வெளியே காலடிகள் கதவை நெருங்கின.

"அவருதான்!" சம்பந்தியம்மாவின் குரல். "கடைசியில இப்படித்தான் ஓங்கரிப்பாரு." பிறகு கதவை ஒட்டி, மெதுவாக: "என்னங்க... வந்துட்டீங்களா? அன்னைக்குக் கேட்டீங்களே, குடுக்கலையே. இன்னும் கோவமா?"

'நான்தான் சம்பந்தியம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு வருடமாக இதைக் கேட்கக் காத்திருந்தவரிடம் எப்படிச் சொல்வது? சட்டைப்பையிலிருந்த எலுமிச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். எண்ணத் தொடங்கினேன். நாற்பத்தொன்றில் என் முதுகுக்குப் பின்னால் இலை லேசாகச் சரசரத்தது. திரும்பலாம் என்றால் கழுத்து ஒத்துழைக்கவில்லை. எழுபதில் கதவு தட்டப்பட்டது.

திறந்தார்கள். இருபத்து மூன்று பேர். கட்டிலுக்குப் பின்னாலிருந்து, வாயில் எலுமிச்சம்பழத்தோடு நான் எழுந்தேன். யாரோ வீறிட்டார்கள். கற்பூரத் தட்டு விழுந்தது.

"அடப்பாவி மனுஷா!" இது என் மனைவி.

சம்பந்தியம்மா என்னைப் பார்க்கவேயில்லை. அவர் விரல் இலைமேல் நகர்ந்தது.

"பத்துதான் இருக்கு. பதினொண்ணு வச்சேன்."

"மாமா, நீங்களா?" என்றார் மாப்பிள்ளை.

"சத்தியமா இல்ல மாப்ள, வடையப் பார்த்தாலே எனக்கு..." என்று வடையைப் பார்த்தேன். அவ்வளவுதான். இருபத்து மூன்று சாட்சிகள் முன்னால் வாந்தி. வந்தது எலுமிச்சைச் சாறு மட்டும்.

சம்பந்தியம்மா குனிந்து உற்றுப் பார்த்தார். "பார்த்துக்கங்க எல்லாரும். இதுல வடை இல்ல" என்றார். என் வாந்தியை அத்தனை சந்தோஷமாக இதுவரை யாரும் பார்த்ததில்லை. அன்று அவர் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

டாக்டர் திட்டிவிட்டு மருந்தின் அளவைப் பழையபடி குறைத்தார். எலி என்றார் மாப்பிள்ளை. பூனை என்றாள் மனைவி. (ஜன்னல் கொக்கியை மூன்று முறை சோதித்தேன். போட்டபடிதான் இருந்தது.) மகள் போன் செய்தால் முதல் கேள்வியே, "அப்பா, இன்னைக்கு ஊசியா, வடையா?" என்பதுதான்.

இந்த வருடத் திதிக்கு, கதவைச் சாத்துமுன் என்னை எண்ணச் சொன்னார் சம்பந்தியம்மா. உரக்க எண்ணினேன். பதினொன்று. எல்லோருடனும் வெளியே நின்றேன். கதவு திறந்தது.

"இப்ப எண்ணிச் சொல்லுங்க அண்ணா."

கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்றேன். அது என் மூக்கின்மேல் இருந்தது.