மச்சினனை விரட்ட நான் சுட்ட ரொட்டி

என் மச்சினன் இனி எங்கள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தேன்.

என் மனைவிக்குத் தம்பி. பேக்கரி வைத்திருக்கிறான். பிறை மாதிரி வளைந்து, தொட்டால் உதிரும் ஒரு பிரெஞ்சு ரொட்டி. குரோசான் என்பார்கள். ஞாயிறு தவறாமல் பெட்டி நிறையத் தூக்கிக்கொண்டு வருவான். வைத்துவிட்டுப் போக மாட்டான். மத்தியானச் சாப்பாடு, என் கட்டிலில் ஒரு தூக்கம், எழுந்ததும் எனக்கு நாலு புத்திமதி. என் கல்யாணப் போட்டோவில் என்னை மறைத்துக்கொண்டு நின்றவன். தலை நரைத்தும் நான் மறக்கவில்லை.

"என் தம்பி கைப்பக்குவம் யாருக்கு வரும்?" என்றாள் மனைவி.

"மாவும் வெண்ணெயும். இதுல என்ன வித்தை? ஆயுசு பூரா சுவர் பூசினவன் நான். அவன் கடையில இருக்கிற எவனையும் விட நல்லா செய்வேன்."

"செய்யுங்களேன். வீட்டுலயே கிடைச்சா அவனுக்கு இங்க என்ன வேலை?"

அவள் வாயிலிருந்து இப்படி ஒரு நல்ல வார்த்தை வந்து வெகுகாலம் ஆகிறது. மறுநாளே இறங்கினேன்.

மாவுக்குள் வெண்ணெயை வைத்து மூடி, மடித்துத் தேய்த்து, மறுபடி மடிக்க வேண்டும். கலவை இளக்கமாக இருந்தால்தான் பூச்சுக் கரண்டி ஓடும் என்பது எங்கள் தொழில் பாடம். வெண்ணெயை அடுப்போரம் வைத்து இளக்கினேன். அது மாவுக்குள் நிற்காமல் என் முழங்கை வழியாக வெளிநடப்புச் செய்தது. வெந்து வந்ததை மனைவி மேஜையில் தட்டிப் பார்த்தாள்.

"இத அடுக்கி பின்னால ஒரு ரூம் எடுத்துடலாம்."

"சிரி, நல்லா சிரி."

"ஏங்க, முதல் பூச்சு இறுகாம அடுத்த பூச்சு அடிப்பீங்களா?"

"அடிச்சா மொத்தமா சரிஞ்சு கீழ வரும்."

"அப்ப மாவுக்கு மட்டும் என்ன அவசரம்?"

குத்தலாகத்தான் சொன்னாள். எனக்கு உறைத்தது. ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவில் மாவை ஃபிரிட்ஜில் வைத்து இறுக விட்டேன். சுவர்ப் பூச்சைச் சமன் செய்யும் என் மட்டப்பலகையைத் தேய்த்துக் கழுவி, மாவை ஓரம் முதல் ஓரம் வரை கனம் சமமாக இழுத்தேன். இந்தத் தடவை பிய்த்தால் ஏடு ஏடாகப் பிரிந்தது. மனைவி ஒன்றைத் தின்றாள். இன்னொன்றை எடுத்தாள். இந்த ஜென்மத்தில் அவள் என்னைப் பாராட்டியது அவ்வளவுதான்.

ஞாயிறு மச்சினன் வந்தான். தட்டை அவன் முன்னால் தள்ளினேன். கடித்தான். முகம் தொங்கும் என்று காத்திருந்தேன். அவனோ அக்காவைப் பார்த்தான்.

"நீ சொன்னப்ப நான் நம்பலக்கா."

"என்ன சொன்னா?" என்றேன்.

"கடையில மாவு மடிப்பு போடுற ஆள் வேலைய விட்டு நின்னுட்டான் மாமா. நானே மடிச்சு மடிச்சு இடுப்பு போச்சு. 'கொஞ்சம் பொறு, வீட்டுலயே ஒரு ஆள் தயாராகுது'ன்னு அக்காதான் சொல்லிச்சு."

"என்னால முடியாது."

"அவன் கடையில இருக்கிற எவனையும் விட நல்லா செய்வேன்னு சொன்னது யாரு?" என்று கேட்டுக்கொண்டே மனைவி உள்ளே போய் ஒரு வெள்ளை ஏப்ரனோடு வந்தாள். "உங்க பழைய சட்டை அளவுலதான் தச்சேன். போட்டுப் பாருங்க."

கச்சிதமாக இருந்தது.

அவள் சொன்ன சொல் தவறவில்லை. மச்சினன் இப்போது எங்கள் வீட்டுப் பக்கமே வருவதில்லை. விடிவதற்குள் நான்தான் அவனிடம் போய் நிற்கிறேன், ஞாயிறு உட்பட.