கேஷல் பாறையும் ஒத்தை டிக்கெட்டும்

நான் சொன்ன வாக்கைக் காப்பாத்துறவன். சில சமயம் இருபத்திரண்டு வருஷம் ஆகும், அவ்வளவுதான்.

கல்யாணம் ஆன புதுசுல என் பொண்டாட்டி டிம்ப்னாகிட்ட, "ஒரு நாள் உன்னைக் கார்ல வச்சு கோட்டை, கதீட்ரல், துறைமுகம் எல்லாம் சுத்திக் காட்டுறேன்"னு சொல்லித் தொலைச்சேன். எண்பத்தொம்பது அக்டோபர்ல அவளே நாள் குறிச்சுட்டா. வர்ற ஞாயித்துக்கிழமை.

அதே ஞாயித்துக்கிழமைதான் எங்க ஊர் பாலிகொராவோட ஹர்லிங் மட்டைப்பந்து டீம் நாப்பத்தோரு வருஷம் கழிச்சு ஃபைனல் ஆடுது. தர்ல்ஸ் மைதானம், மூன்றரை மணி. கிளப் செக்ரட்டரியைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு டிக்கெட் வாங்கி வச்சிருந்தேன். அதை டிம்ப்னாகிட்ட சொன்னா, "உனக்கு நான் முக்கியமா, மேட்ச் முக்கியமா?"ன்னு கேப்பா. அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லிட்டு உயிரோட இருக்கிறவனை நான் பாத்ததில்ல.

அதனால மேப்பை விரிச்சேன். விடியக்காலம் கிளம்பணும். கெஹிர் கோட்டை, லிஸ்மோர் கோட்டை, யோல் துறைமுகம், கோவ் கதீட்ரல். அப்படியே திரும்பி ரெண்டரைக்கு கேஷல் பாறை. மேல பாழடைஞ்ச கதீட்ரல் இருக்கு, அவ ரெண்டு மணி நேரம் வாயைப் பொளந்து பாப்பா. "டயர்ல காத்து கம்மியா இருக்கு, பாத்துட்டு வரேன்"னு நழுவினா இருபத்தஞ்சு நிமிஷத்துல தர்ல்ஸ். கோட்டுப் பையில இருந்த டிக்கெட்டை எடுத்து, கார் கண்ணாடிக்கு மேல இருக்கிற மடிப்புப் பலகைக்குப் பின்னால செருகினேன்.

கெஹிருக்குப் போனப்ப கோட்டை இன்னும் திறக்கல.

"திறக்கிற வரைக்கும் இருப்போமே, டோனல்."

"உள்ளயும் இதே கல்லுதான் டிம்ப்னா. வண்டியில ஏறு."

லிஸ்மோர்ல பாலத்து மேலயே வண்டியை நிறுத்தினேன். "பாத்தாச்சா?"

"கண்ணாடி தொடைக்கிறதுக்குள்ள பாத்தாச்சாங்கிற."

யோல்ல ஒரு டீ. என் டீயை நான் நின்னுக்கிட்டே குடிச்சேன். அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. "ஏன் மனுஷா, யாராவது உன்னைத் துரத்துறாங்களா?"

"மழை வரும் போல இருக்கு."

"இந்த நாட்டுல எப்ப வராம இருந்துச்சு?"

கோவ்ல பன்னெண்டு மணி பூசை. அதை யாரும் குறைக்க முடியாது. பிரசங்கம் நடக்கிறப்ப கடிகாரத்தை ஏழு தடவை பாத்தேன். எட்டாவது தடவை டிம்ப்னா என் மணிக்கட்டு மேல கையை வச்சு மூடிட்டா. பக்கத்துல இருந்தவங்க பாசம்னு நினைச்சிருப்பாங்க.

வெளிய வந்தா வாசப்படியில ஃபாதர் மாலக்கி. எங்க ஊர்ப் பங்குக் கோயில்ல முப்பது வருஷம் சாமியாரா இருந்தவர். ஓய்வாகி இங்க வந்துட்டார்.

"அட ஃபாதர்! எங்க கிளம்பிட்டீங்க?"ன்னா டிம்ப்னா.

"கேஷல்ல தங்கச்சி வீட்டுக்குப் போகணும். பஸ்ஸு இல்ல. முட்டி வேற வலிக்குது."

சாமியாருக்கு வண்டியில இடம் இல்லைன்னு சொல்ற ஆள் எங்க ஊர்ல இன்னும் பொறக்கல. முன் சீட்டுல உக்கார வச்சேன். மணி ஒண்ணு பத்து. பரவாயில்ல.

"டோனல், மெதுவா போப்பா. வேகம் எனக்கு ஆகாது." அப்புறம் பையில இருந்து ஜெபமாலையை எடுத்தார். "வழிக்கு ஒண்ணு சொல்லிடுவோமா?"

அம்பது தடவை 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிச்சோம். முன்னால ஒரு டிராக்டர். அதுக்குப் பின்னால நாங்க. எங்க ஊர்ல ஜெபமாலை மணியோட முடியாது, அதுக்கு வாலு ஒண்ணு உண்டு. செத்தவங்களுக்கு ஒரு ஜெபம். அமெரிக்கா போனவங்களுக்கு ஒண்ணு. கடல்ல போனவங்களுக்கு, காச நோய்க்காரங்களுக்கு, ஃபாதரோட முட்டிக்கு. ரெண்டு மணி. ரெண்டு இருபது. பின் சீட்டுல இருந்து டிம்ப்னா எடுத்துக் குடுத்துக்கிட்டே இருந்தா: "ஃபாதர், ஓ'டயர் வீட்டுப் பசுவை விட்டுட்டோமே."

"நல்ல வேளை சொன்ன. ஓ'டயர் பசுவுக்காக..."

எனக்கு ஸ்டியரிங் வழுக்குச்சு. உள்ளங்கை பூரா வேர்வை.

"கடைசியா, இன்னைக்கு மூன்றரை மணிக்கு ஆடுற நம்ம பாலிகொரா பசங்களுக்காக..."

வண்டி ஒரு குலுங்கு குலுங்குச்சு.

"இன்னைக்கா ஃபாதர் மேட்ச்சு?"ன்னா டிம்ப்னா, பச்சப் புள்ளை மாதிரி. "உனக்குத் தெரியுமா டோனல்?"

"மேட்ச்சா? எந்த மேட்ச்சு?"ன்னேன். சாமியார் பக்கத்துல உக்காந்து, கையில ஜெபமாலையைச் சுத்திக்கிட்டு, அந்தப் பொய்யைச் சொன்னேன்.

கேஷல் வந்தப்ப மூணு அஞ்சு. இன்னும் நேரம் இருக்கு. சரியா இருபத்தஞ்சு நிமிஷம். பாறைக்குக் கீழ வண்டியை நிறுத்தி, "டிம்ப்னா, இந்த டயரு..."ன்னு ஆரம்பிச்சேன்.

"தங்கச்சி வீட்டுக்கு முன்னாடி, மேல ஒரு தடவை ஏறிப் பாத்துடணும்"னார் ஃபாதர். "சாகிறதுக்குள்ள."

"டோனல், அவர் கையைப் பிடிச்சுக்கோ. படி வழுக்கும்"னா டிம்ப்னா. "சாவியைக் குடு. வண்டியை ஓரமா நிறுத்திட்டு வரேன்."

எழுபத்தெட்டு வயசுச் சாமியார் ஏற்கெனவே என் தோள்ல தொங்கிட்டார். சாவியைக் குடுத்தேன். என்ன பண்ண?

ஒரு படிக்கு ஒரு மூச்சு. மேல போய்ச் சேர்ந்து சுவத்துல சாஞ்சு கீழ பாத்தேன். என்னோட நீலக் கார் தர்ல்ஸ் ரோட்டுல போய்க்கிட்டிருக்கு. டிம்ப்னாவை அவ்வளவு வேகமா ஓட்டி நான் பாத்ததே இல்ல.

"ஃபாதர்! என் காரு!"

"ஆமாப்பா."

"எங்க போறா?"

"மேட்ச்சுக்கு. வியாழக்கிழமை எனக்குப் போன் பண்ணினா. உன் கோட்டுல பித்தான் தைக்கிறப்ப டிக்கெட் அகப்பட்டுச்சாம். அப்படியே வச்சுட்டு, நீ அதைக் கார்ல ஒளிச்சதையும் பாத்துட்டாளாம். 'பதினோரு வருஷம் மட்டை பிடிச்சு ஆடினவ நான் ஃபாதர். இவர் பந்து பொறுக்கிப் போட்டவர். ஒரு டிக்கெட் வாங்கியிருக்கார், ஒரு வார்த்தை கேக்கல'ன்னு அழுதா."

"அழுதாளா?"

"முதல்ல அழுதா. அப்புறம் கேஷலுக்கு எத்தனை படின்னு கேட்டா."

காத்து அடிச்சுது. மழையும் வந்துச்சு. கூரை இல்லாத கதீட்ரல்ல நின்னு, ஒவ்வொரு கல்லறையா படிச்சேன். ஃபாதருக்கு அந்த ராஜா பிஷப்பு எல்லாருடைய கதையும் தெரிஞ்சிருந்துச்சு. ரெண்டரை மணி நேரத்துக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

அஞ்சே முக்காலுக்கு கார் வந்துச்சு. டிம்ப்னா முகம் செவசெவன்னு இருந்துச்சு. தொண்டை சுத்தமா கட்டியிருந்துச்சு.

"நிறுத்த இடமே கிடைக்கல"ன்னா.

"அப்படியா"ன்னேன்.

ஃபாதரைத் தங்கச்சி வீட்டுல இறக்கிவிட்டுட்டு ஊருக்குத் திரும்பினோம். அவதான் ஓட்டினா. ரேடியோ பக்கம் கையை நீட்டினேன். "தலை வலிக்குது, வேணாம்"னா. முகத்தைப் படிக்கப் பாத்தேன். அழுத கண்ணு மாதிரியும் இருக்கு, சிரிச்ச கண்ணு மாதிரியும் இருக்கு. நாப்பத்தோரு வருஷம். மேட்ச்சே எனக்குத் தெரியாதுன்னு சாமியார் முன்னால சொன்னவன், எந்த வாயால கேப்பேன்?

ஏழு மைல் தாக்குப் பிடிச்சேன்.

"டிம்ப்னா... ஜெயிச்சோமா?"

அவ ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கல.

"எதுல?"