பஸ் என்னைத் தள்ளிய நாள்

குத்தகைப் பதிவு விசாரணைக்குத் தஞ்சாவூர் போக வேண்டும். காலை பதினொரு மணிக்கு. அன்றைய வேலை அவ்வளவுதான்.

நான் உழும் நிலத்தை நான்தான் உழுகிறேன் என்று அதிகாரி முன்னால் நிரூபிக்க வேண்டும். தவறினால் நிலம் மிராசுதாருக்கே போய்விடும். நடப்பது நம்ம ஆட்சி, தோழர்களே! அதைக் கொண்டுவர ஜெயிலுக்குப் போனவன் நான். இருந்தாலும் நிரூபிக்க வேண்டும்.

சலவை வேட்டி கட்டினேன். கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். அதிகாரி பார்த்தால் அசிங்கமாயிற்றே! அதை மறைக்கப் புதுசாக ஒரு கட் ஷூ வாங்கி மாட்டிக்கொண்டேன்.

"மாப்பிள்ளை கணக்கா இருக்கீங்க" என்றாள் என் மனைவி. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

பூதலூர் தாண்டியதும் வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் பஸ் புதைந்தது.

கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "போன மாசம் இதே பஸ்ஸை மறிச்சுப் படுத்தீங்களே, தலைவரே! இன்னிக்கு எறங்கித் தள்ளுங்க."

இறங்கினேன். நாலு வார்த்தை பேசாமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது. எப்போதோ துண்டுப் பிரசுரத்தில் படித்தது நினைவுக்கு வந்தது.

"நாம பஸ்ஸை எவ்வளவு தள்ளுறோமோ, அவ்வளவு பஸ்ஸும் நம்மளைத் தள்ளும். இது விஞ்ஞானம்!"

நடவு வேலைக்குப் போகிற அஞ்சலை பக்கத்தில் நின்றாள். "அப்ப அந்தச் செருப்பக் கழட்டிட்டு விரலை ஊனிக்கங்கண்ணே. தரை வழுக்குது."

"எனக்கே சொல்லித் தர்றியாம்மா?" என்று முழுப் பலத்தையும் கொடுத்தேன்.

பஸ் அசையவில்லை. நான் அசைந்தேன். பின்னால். இன்னும் பின்னால். வாய்க்காலில் மல்லாக்க விழுந்தேன்! ஷூ இரண்டும் சேற்றோடு போயின.

அஞ்சலையும் கூட வந்த பெண்களும் வெறுங்காலை ஊன்றி ஒரே தள்ளு. பஸ் மேலேறிவிட்டது.

"விஞ்ஞானம் தானா எந்திரிக்குமா, தூக்கிவிடணுமா?" என்றாள் அஞ்சலை.

தூக்கித்தான் விட்டார்கள்.

ஆபீஸ் வாசல் குழாயில் காலை மட்டும் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். மிராசுதாரின் வக்கீல் எழுந்தார். "சார், இவரு மேடைப் பேச்சாளர். வயல்ல கால் வச்சே பல வருஷமாச்சு."

அரை மணி நேரப் பேச்சு கையில் தயார். நெஞ்சை நிமிர்த்தினேன். "உழைக்கும் மக்களின் சார்பாக..."

"பேசாதீங்க" என்றார் அதிகாரி. "காலைக் காட்டுங்க."

வெறுங்கால்! ஒளிக்க இடமில்லை. கூனிக்குறுகி நீட்டினேன். அவர் குனிந்து ஒவ்வொரு விரல் இடுக்காகப் பார்த்தார்.

"மேடையில நின்னா இது வராதே, வக்கீல் சார்" என்று பேனாவை எடுத்தார். குத்தகைதாரர் என்று என் பெயர் பதிவானது.

"அப்படி என்னதான் பேசினீங்க?" என்று ஊரில் கேட்காத ஆளில்லை. நான் கால்களை வேட்டிக்குள் இழுத்துக்கொள்கிறேன்.

அடுத்த மறியலுக்கு மட்டும் வேறு பஸ் பார்த்துக்கொள்வோம், தோழர்களே. இது திருப்பித் தள்ளுகிறது.