ஒரே ஒரு பாண்டியம்மாள்

புதிதாக வேலைக்குப் போன பிள்ளைகளை வீட்டு விசேஷங்களில் ஏதாவது ஒரு மூலையில் உட்காரவைத்துவிட வேண்டும். பன்னீர் தெளிக்க விடலாம், வெற்றிலை அடுக்கச் சொல்லலாம். "உனக்குத் தெரிஞ்சதச் செய்யித்தா" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. என் அண்ணன் பிரபுவின் நிச்சயதார்த்தத்துக்கு அப்பா என்னிடம் அதைத்தான் சொன்னார்.

அப்போது நான் பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்த புதிது. எல்லோரும் செமாண்டிக் வெப், செமாண்டிக் வெப் என்று பேசிக்கொண்டிருந்த காலம். கம்ப்யூட்டர் இனிமேல் வெறும் எழுத்தை மட்டும் காட்டாது, அதன் அர்த்தத்தையும் புரிந்துகொள்ளும் என்றார்கள். பயிற்சி வகுப்பில் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அதை வைத்து உலகத்தைத் திருத்திவிடலாம் என்ற தைரியம் மட்டும் முழுசாக வந்துவிட்டது.

பெண் வீட்டார் நத்தத்துக்காரர்கள். பெண்ணின் பெயர் கலா. கலாவின் அப்பா வெள்ளைச்சாமி, மாந்தோப்பு வைத்திருந்தார். எங்கள் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. அதனால் எனக்கு மாமா. நிச்சயத்தில் தட்டு மாற்றும் முன், பையனுக்குப் பெண் என்ன முறை ஆகவேண்டும் என்று பெரியவர் ஒருவர் சபையில் எழுந்து சொல்வது எங்களிடம் வழக்கம். அதைச் சொல்லப்போகிறவர் கலாவின் பெரியப்பா காசிமாயன். சகுனம் பார்க்காமல் சட்டைகூட மாற்றமாட்டார்.

"அவரு எதுக்குச் சிரமப்படணும்? என் கம்ப்யூட்டரே முறை சொல்லும்ப்பா" என்றேன்.

அப்பாவுக்கு நாகல் நகரில் மோட்டார் காயில் கட்டும் கடை. மகள் எதைச் சொன்னாலும் வாடிக்கையாளர்களிடம் பீற்றிக்கொள்வார். "செய்யித்தா, உனக்குத் தெரிஞ்சதச் செய்யி" என்றார்.

செய்தேன். யார் யாருக்கு மகன், யார் யாருக்கு மனைவி என்று உறவுகளை ஒவ்வொன்றாக ஏற்றினேன். பிறகு சில விதிகள் எழுதினேன். ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள் உடன்பிறப்பு. தாயின் சகோதரன் மாமன். மாமன் மகள் கட்டிக்கொள்ளும் முறை. இவற்றை வைத்து, நாம் சொல்லாத உறவைக்கூட நிரல் தானாகவே ஊகித்துச் சொல்லும். ஆனால் முதல் தடவை ஓட்டியபோது அது எதையுமே ஊகிக்கவில்லை. கன்னிவாடியில் இருக்கும் சொந்தத் தாய்மாமனைக்கூட அதற்குத் தெரியவில்லை.

மண்டையை உடைத்துக்கொண்டு காரணத்தைக் கண்டுபிடித்தேன். இந்த முறையில் ஒரு ஆளை 'ரிசோர்ஸ்' ஆகப் பதியவேண்டும். அதாவது, அவருக்கென்று தனி முகவரி இருக்கும், அவரிடமிருந்து அடுத்தவருக்குக் கோடு இழுக்கலாம். நானோ எல்லா அம்மாக்களையும் 'லிட்டரல்' ஆகப் போட்டிருந்தேன். அது வெறும் எழுத்து. வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மாதிரி. பெயர்ப்பலகையிடம் போய் "உங்க அண்ணன் யாரு?" என்று கேட்டால் அது என்ன சொல்லும், பாவம்?

அத்தனை பேருக்கும் தனித்தனி முகவரி கொடுப்பதுதான் சரி. ஆனால் அதற்கு ஒருநாள் முழுக்க உட்கார வேண்டும். எனக்குப் பட்டுப்புடவைக்கு பிளவுஸ் வாங்கப் போக வேண்டியிருந்தது. (தையல்காரர் கடையை அடைத்துவிடுவார்!) எனவே குறுக்குவழி ஒன்று பிடித்தேன். அவரவர் பெயரையே அவரவர் முகவரி ஆக்கிவிட்டேன். மறுபடி ஓட்டினால், சரவெடி மாதிரி உறவுகள் வந்து விழுந்தன. கன்னிவாடி மாமாவும் வந்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதில் ஒரு சங்கதி இருந்தது. எங்கள் அம்மாவின் பெயர் பாண்டியம்மாள். கலாவின் அம்மா பெயரும் பாண்டியம்மாள்தான். இருவர் பிறந்த ஊர்களுக்கும் காவல் தெய்வம் ஒன்று, அதன் பெயர்தான் இருவருக்கும். பெண் பார்க்கப் போனபோதே இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம், நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஊருக்கே தெரிந்த இந்த விஷயம் நிரலுக்கு மட்டும் தெரியாது. சொல்லவேண்டியவள் பிளவுஸ் வாங்கப் போய்விட்டாள். பெண்வீட்டு விவரங்களை நிச்சயத்தன்று காலையில்தான் போனில் கேட்டு அவசரமாக ஏற்றினேன். சோதித்துப் பார்க்க நேரமில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர், திரைக்கு அப்பாவின் எட்டு முழ வேட்டி. காசிமாயன் எழுந்து, "முறை என்னன்னு நம்ம பிள்ளை கம்ப்யூட்டர்லயே காட்டுதாம், பாருங்க" என்று பெருந்தன்மையாக உட்கார்ந்தார். நான் ஒரு பொத்தானைத் தட்டினேன்.

வேட்டியில் எழுத்துகள் விழுந்தன. பின்வரிசையில் கண் சரியாகத் தெரியாதவர்கள் "என்னப்பா போட்டிருக்கு?" என்று கேட்க, மைக் செட்டுக்காரர் உதவும் எண்ணத்தோடு கணீரென்று வாசித்தார்.

"மணமகள் கலா, மணமகன் பிரபுவின் தங்கை!"

ஒலிபெருக்கிக் குழாய் தெருவைப் பார்த்துக் கட்டியிருந்தது. ஆட்டோ ஸ்டாண்டுவரை கேட்டிருக்கும்.

 அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் என் பிளவுஸ் தையல் பிரிந்துவிடும்போல இருந்தது.

"சின்னத் தப்புதான், ஏன் இப்படிச் சொல்லுச்சுன்னு பாத்துரலாம்" என்று சொல்லிக்கொண்டே, அது எப்படி அந்த முடிவுக்கு வந்தது என்று காட்டும் படத்தைத் திறந்தேன். அதைப் பெரிய திரையில் திறந்திருக்க வேண்டாம். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் பாண்டியம்மாள். அதிலிருந்து இரண்டு கோடுகள்.

மைக் செட்டுக்காரர் கடமை தவறாதவர். "பாண்டியம்மாள். கணவர் சுந்தரம். கணவர் வெள்ளைச்சாமி."

சுந்தரம் என் அப்பா.

"ஏலே, அந்த மைக்க அமத்துலே!" என்று அம்மா எழுந்துவிட்டாள். "அடியே, அவரு எனக்கு அண்ணன் முறைடி! படிக்க வச்சதுக்கு நல்லா மானத்த வாங்குறடி!"

அந்தப் பக்கத்தில் இன்னொரு பாண்டியம்மாள், கலாவின் அம்மா, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டிருந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை.

காசிமாயன் மெல்ல எழுந்தார். "தப்பா எழுதிருச்சுங்கறது எனக்கும் தெரியுது. ஆனா தட்டு மாத்துற நேரத்துல அண்ணன் தங்கச்சின்னு ஒரு வாக்கு விழுந்துருச்சே. இது நல்லதுக்கில்ல. தட்ட எடுத்து உள்ள வைங்கப்பா, வேற நாள் பாப்போம்."

இரண்டு பேர் நிஜமாகவே தட்டுகளைத் தூக்கினார்கள். கலாவின் கண் கலங்கிவிட்டது.  வேற நாள் என்பது வேற பெண் ஆகிவிட்ட கதைகளை நான் கேட்டிருக்கிறேன்.

"செத்த இருங்க பெரிய மாமா! இப்பச் சரி பண்ணிருறேன்!" என்று கத்திவிட்டு, அவசரமாகப் புது விதி ஒன்றை எழுதினேன். ஒரு பெண்ணுக்கு ஒரு கணவர்தான். இதைப் பார்த்ததும் கம்ப்யூட்டருக்கு உறைத்துவிடும், ஓகோ, பாண்டியம்மாள்கள் இரண்டு பேர் என்று புரிந்துகொள்ளும் என்பது என் கணக்கு. தட்டினேன்.

மைக்கை யாரும் அமத்தியிருக்கவில்லை.

"சுந்தரமும் வெள்ளைச்சாமியும் ஒரே ஆள்!"

அதன் தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. பெண் ஒருத்திதான் என்று சொன்னது நான். கணவரும் ஒருவர்தான் என்று சொன்னதும் நான். அப்படியானால் இந்த இரண்டு ஆம்பளைகளும் ஒருவராகத்தானே இருக்கவேண்டும்? அதோடு விட்டதா? வெள்ளைச்சாமி அம்மாவுக்கு அண்ணன் என்பதால், என் அப்பா எனக்கு மாமா என்று அடுத்த வரி வந்தது. அண்ணன் பிரபு எனக்கு மாமன் மகன் என்று அதற்கடுத்த வரி. நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. வெள்ளைச்சாமி மாமா, அதுவரை வாயே திறக்காதவர், தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துப் புரையேறி, யாரோ தலையில் தட்ட, எழுந்து நேராக எங்கள் அப்பாவிடம் வந்தார்.

"மச்சான், நீங்களும் நானும் ஒரே ஆளாம்ல! அப்பத் தட்ட யாரு கையிலிருந்து யாரு வாங்குறது?"

அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காசிமாயன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா விடவில்லை.

"அண்ணே, சகுனந்தானே? அண்ணன் தங்கச்சின்னு சொன்ன அதே மிசினுதான் சம்பந்தி ரெண்டு பேரும் ஒண்ணுன்னும் சொல்லுது. சண்டை சச்சரவே வராதுன்னு அர்த்தம். இதவிட நல்ல வாக்கு எங்க கெடைக்கும்? வாங்க மச்சான், இந்தப் பிள்ளை மறுபடி எதையாச்சும் தட்டுறதுக்குள்ள மாத்திப்புடுவோம்."

தட்டு மாறியது. கலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு பாண்டியம்மாள்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் வெஞ்சனம் பரிமாறப் போனபோது, "நல்லாப் பாத்துக்கடி, ரெண்டு எலை இருக்கு" என்றார்கள்.

அண்ணனுக்கும் கலாவுக்கும் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. (எனக்குப் பன்னீர்ச் செம்பு கொடுக்கப்பட்டது.) அண்ணன் கோபத்தில் ஏதாவது கத்தினால், கலா இன்றைக்கும் "போண்ணே" என்பாள். அதற்குமேல் அவனால் சண்டையைத் தொடர முடியாது. நானும் அன்றிலிருந்து, அலுவலகத்தில் யார் பெயரையாவது முகவரியாகப் போட்டால் பேய் பிடித்தவள்போலக் கத்தினேன். அதனாலேயே எனக்குப் பதவி உயர்வும் வந்தது.

போன வருடம் வெள்ளைச்சாமி மாமாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். அப்பாதான் துணைக்குப் போனார். பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் அவரை வெளியே போகச் சொல்லியிருக்கிறார். கட்டுப்போட்ட கண்ணோடு படுத்திருந்த மாமா உள்ளிருந்தே குரல் கொடுத்தாராம்.

"அவரு பார்க்க வந்தவரு இல்லம்மா. அவருந்தான் நானு. சந்தேகமா இருந்தா எங்க மருமகளக் கேளு, கம்ப்யூட்டர்லயே ஏத்திவச்சிருக்கு."