நீலம் சோதனையில் இருக்கிறது

கரையான்சாவடி பக்கத்தில் ஓர் அரசு அலுவலகம். எதுவென்று சொல்ல மாட்டேன். எனக்கும் அங்கே ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது. அதில் அதிகாரியாக வீற்றிருந்தவர் உயர்திரு எத்திராஜ். ரத்தத்துக்குப் பவளம், மன அமைதிக்கு முத்து, செரிமானத்துக்குப் புஷ்பராகம் என்று ஏழு விரல்களில் ஏழு மோதிரங்கள். மிச்சமிருந்த மூன்று விரல்களால் நிர்வாகத்தைக் கவனித்துவந்தார்.

நூம்பலிலிருந்து அங்கம்மா வந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை; அரைநாள் லீவு. மகள் கவிப்பிரியாவின் கல்லூரி உதவித்தொகைப் படிவத்தில் ஒரு கையெழுத்து வேண்டும். மறுநாள் கடைசி நாள்.

"இன்னிக்கு முடியாதும்மா. புது நீலம் சோதனையில இருக்கு."

"இன்னா சோதனை சார்?"

"ஒத்துக்குதான்னு மூணு நாள் பார்க்கணும். அதுவரைக்கும் கையெழுத்து போடக்கூடாது. ஒத்துக்கலைன்னா ஆளையே கவுத்துடும்."

"கழட்டி வெச்சிட்டு போடு சார்."

"கழட்டினா மறுபடி முதல் நாள்லேருந்து எண்ணணும். அந்தக் காலத்து ராஜாக்கள்லாம் சும்மாவா கல் போட்டாங்க? ஆயுசுக்கும்மா!"

"அந்த ராஜாங்கோல்லாம் இப்ப எங்க சார் கீறாங்கோ?"

அதிகாரிக்குக் கோபம் வந்தது. முத்தைத் தடவினார். கோபம் ஏறியது. அவசரத்தில் பவளத்தைத் தடவிவிட்டிருந்தார்.

அங்கம்மா வாசலில் விசாரித்துக்கொண்டு, நேரே அந்த நீலத்தை விற்ற வேலுசாமியின் கடைக்குப் போனாள்.

"உன் கல்லுக்கு ஒரு மாத்து சொல்லு நைனா. இல்லாங்காட்டி உன் கடை வாசல்லியே குந்திக்கினு அழுவேன்."

"மரகதம் எழுத்துக்கு உண்டான கல்லும்மா. பேனாவுல அது இருந்தா நீலம் கண்டுக்காது" என்றார் வேலுசாமி. விலையும் சொன்னார்.

நின்றுகொண்டிருந்த அங்கம்மா உட்கார்ந்தாள். பிறகு தன் கவரிங் கம்மலிலிருந்து பச்சைக் கல்லைப் பெயர்த்து, பேனா மூடியில் பசை போட்டு ஒட்டினாள். "இது இன்னா கல்லு?" என்று உரக்கக் கேட்டாள்.

கடைக்குள் இரண்டு வாடிக்கையாளர்கள் நுழைந்துகொண்டிருந்தார்கள்.

"சுத்தமான மரகதம்" என்றார் வேலுசாமி. அதிகாரிக்கு அவரே போன் செய்தும் சொன்னார்.

கையெழுத்து கிடைத்தது. கவிப்பிரியாவுக்குப் பணமும் வந்தது.

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: 'மரகதம் பதித்த எழுதுகோல் கொணராத மனுதாரர்களின் மனுக்கள் பரிசீலிக்கப்பட மாட்டா.' பூந்தமல்லி ஃபேன்ஸி ஸ்டோர்களில் பச்சைக் கம்மல் தீர்ந்துபோனது. வரிசையில் நின்றவர்கள் எத்திராஜைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பேனாவை மட்டும் யாருக்கும் இரவல் தரவில்லை.

ஆறு மாதத்தில் எத்திராஜுக்கு மாற்றல் வந்தது. புது அதிகாரி ரேணுகாவின் விரல்கள் பத்தும் வெறுமையாக இருந்தன. பதினொரு மணிக்குள் அறுபத்துமூன்று மனுக்களில் சாதாரண பால்பாயிண்ட் பேனாவால் கையெழுத்திட்டுக் கொடுத்தார். வாங்கியவர்கள் ஒருவரும் வாசலைத் தாண்டி வெளியே போகவில்லை.

"என்ன, எல்லாருக்கும்தான் போட்டாச்சே?"

கூட்டம் அங்கம்மாவை முன்னே தள்ளியது. ரேஷன் கார்டு மனுவோடு வந்திருந்த அவள், காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"கல்லும் இல்ல, அலைச்சலும் இல்ல. இந்தக் கையெழுத்து செல்லுமா மேடம்?"