மாடிவீட்டு ஆணிப் பரணி

வாழ்க கிருஷ்ணப்பர்! தொப்பூர்க் கணவாயின் காற்றும் தொட அஞ்சும் தந்தநிறச் சுவர்க் காவலர். அரசுப் பேருந்தில் நடத்துநராய் நின்ற நாளில், ஒற்றை விசிலால் ஓடும் வண்டியை நிறுத்தி, ஒரு சொல்லால் படிக்கட்டில் தொங்குவோரைப் பதறி உள்ளே ஏறவைத்த வெண்கலக் குரலோர். பணி ஓய்வு பெற்றதும் நல்லம்பள்ளியில் மாடி எழுப்பி, 'வீட்டுக்காரர்' என்னும் மணிமுடி தரித்த மாவீரர்! அன்னார் புகழ் பாடப் புகுந்தேன். நாமகளே, என் நா பிறழாமல் காத்தருள்வாயாக! நா பிறழ்ந்தால் என்ன நேரும் என்பதுதான் இந்தக் கதையே.

வங்கிக் கடன் வாங்கி அவர் எழுப்பிய அந்த மாடிவீட்டின் சுவர்களை என்னென்று சொல்வேன்! பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, தந்த நிறம் இருமுறை பூசி, விரல் வைத்தால் வழுக்கும் வண்ணம் விளங்கிய அச்சுவர்களை அவர் காலையும் மாலையும் வலம் வந்து தடவிப் பார்ப்பார். வாடகை வந்தால் கடன் தவணை தானே நடக்கும் என்பது அவர் கணக்கு. பிள்ளைகள் ஓசூருக்குப் போய்விட, பேச்சுத்துணையின்றி வாடிய அவர் மனைவி நிர்மலாவுக்கோ, மாடியில் ஒரு மனிதக் குரல் கேட்டாலே போதும். ஆனி பிறந்துவிட்டது. அடுத்து ஆடி, ஆடியில் எவரும் வீடு மாற மாட்டார்கள். ஆள் பிடிப்பதானால் ஆனிக்குள் பிடித்தாக வேண்டும்.

போர்க்களம் புகுமுன் மந்திராலோசனை நடந்தது. வீட்டுத் தரகன் ரஞ்சித்குமார், பைக்கில் அமர்ந்தபடியே உபதேசம் அருளினான்.

"அண்ணா, வர்ற ஆளு யாருன்னு நல்லா விசாரிங்க. கரண்டுக்குத் தனி மீட்டர் வைங்க. தண்ணி எப்ப வுடுவீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க. பேசுனத எழுதிக் கையெழுத்து வாங்கிக்கங்க. மத்ததுல நோண்டாதீங்க."

வீட்டை வாடகைக்கு விட்டு வளம்பெற விழையும் புதியோரே, இதைப் பொன்னேபோல் போற்றிக் கொள்ளுங்கள்! நம் வீரரும் போற்றினார். கடைசி இரண்டு சொற்களை மட்டும் காற்றில் விட்டார்.

மொரப்பூரிலிருந்து நாள்தோறும் பேருந்தேறி, நசுங்கி, நல்லம்பள்ளிப் பள்ளியின் பிரார்த்தனைக்குப் பிந்தி வந்து தலைமையாசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த மணிமேகலை டீச்சர், கணவரோடும் மகளோடும் வீடு பார்க்க வந்தார். பார்த்ததும் பிடித்துப்போயிற்று. நிர்மலா மோர் கொடுத்தாள். இரு பெண்களும் சமையலறையில் நின்று, புளிக்குழம்பில் தொடங்கி உறவினர் திருமணம் வரை பேசித் தீர்த்தனர். அப்பேச்சு வெள்ளத்தில் தம் தலையாய சட்டத்தைப் பிரகடனம் செய்ய ஓர் இடுக்கும் கிடைக்காமல் வாயிலிலேயே நின்றார் கிருஷ்ணப்பர். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதே அச்சட்டம். காலண்டருக்கு ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்று, சாமிப் படங்களுக்கு வரிசையாய் என்று இரும்புப் படை திரண்டு தம் தந்தநிறச் சுவரைத் துளைப்பதை எண்ணி அவர் அன்று மதியம் சோறும் சரியாக உண்ணவில்லை.

மாலையில் கைப்பேசியை எடுத்தார்.

"டீச்சர், வூடு உங்களுக்குத்தாங்க. ஒண்ணே ஒண்ணு. ஆணி மட்டும் ஆகாதுங்க."

"ஆனி ஆகாதுங்களா சார்? நாங்க அதெல்லாம் பாக்கறதில்லீங்களே."

என் சட்டத்தையா பார்ப்பதில்லை! கண் சிவந்தது, மீசை துடித்தது.

"நீங்க பாக்காம இருக்கலாங்க. நான் பாப்பேன். எங்க வூட்ல ஆணின்னா ஆகாதுதான்!"

"சரிங்க சார்," என்றது மறுமுனை, சுருதி இறங்கி.

வென்றேன் என்று வீடதிர முழங்கினார் வீரர். தொட்டியில் தண்ணீர் நிரப்பினார், படிக்கட்டைக் கழுவிவிட்டார், வாயிலில் நாற்காலி போட்டு அரியணை ஏறினார். இடையில் விசாரித்து வந்தவர்களை எல்லாம் "வூடு ஆயிருச்சுங்க" என்று ஒரே வீச்சில் புறங்காணச் செய்தார். டீச்சரை மட்டும் காணோம்.

"ஒரு போன் பண்ணிக் கேட்டா கொறஞ்சா போயிருவீங்க?" என்றாள் நிர்மலா.

வீட்டுக்காரன் வலிந்து அழைப்பது குலமரபன்று எனக் கொற்றவர் மறுத்துவிட்டார். ஆனி தேய்ந்தது. அதன் கடைசி வாரத்தில் தரகன் வந்தான்.

"என்னண்ணா, டீச்சர்கிட்ட ஆனி ஆகாதுன்னுட்டீங்களாமே? ஸ்கூல் தொறந்தாச்சு. ஆடியும் ஆகாது. ஆவணி வரைக்கும் அவங்க எப்படிக் காத்திருப்பாங்க?"

"எந்த ஆனிடா?"

"மாசம்ணா!"

அந்தோ! ஆனியில் குடிபுக அஞ்சுவோர் நம் பக்கத்தில் உண்டே. அவருள் ஒருவராய் அல்லவோ நம் வீரரை எண்ணிவிட்டார் டீச்சர்! இலக்கணத்தார் பிரித்துவைத்த இரண்டெழுத்தை நம் நாட்டு நாவு ஒன்றாக்க, சுவரில் அறையும் ஆணி மாதமாகிவிட்டது. ரஞ்சித்குமார் சிரித்தான். நிர்மலா சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணுகிட்ட நான் இன்னும் பேசி முடிக்கவே இல்லீங்க," என்றாள். அச்சொல் அவரை எங்கோ தைத்தது. மனைவி முகம் அவ்வளவு வாடிக் கண்டதில்லை அவர்.

எழுந்தார் கிருஷ்ணப்பர்! சுவர்மீது கொண்ட காதலைத் துறந்து, சட்டத்தைக் கிழித்தெறிந்து, பேருந்து நிலையம் முழுதும் கேட்கப் பழகிய பழைய குரலை அடிவயிற்றிலிருந்து மீண்டும் வரவழைத்து, கைப்பேசியைச் சங்கென வாய்க்கு நேரே பிடித்து, "டீச்சர்! எத்தன ஆணி வேணுமோ அடிச்சுக்கங்க! சுத்தியும் நானே தர்றேன்! இன்னிக்கே வாங்க!" என்று திசையெட்டும் அதிர முழங்கினார்.

டீச்சர் அன்று காலையில்தான் பக்கத்துத் தெருவில் வேறொரு வீட்டில் பால் காய்ச்சியிருந்தார்.