பதினான்காம் வரிசைக்கு ஏற்ற லென்ஸ்

ஒரு லென்ஸைத் தேர்ந்தெடுப்பது நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதுவதைவிடப் பொறுப்பான காரியம். சட்டத்தையாவது பிறகு திருத்திக்கொள்ளலாம். பெட்டியைப் பிரித்துவிட்ட லென்ஸைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்.

இதை நன்கு உணர்ந்தவர் குடிநீர் வாரியத்தின் கொள்முதல் பிரிவுக் கண்காணிப்பாளர். ஒரே ஒரு வால்வு வாங்கப் பதினோரு மாதம் ஆராய்ந்தவர். அதுவரை ஒரு வட்டாரமே குடம் தூக்கி நடந்தபோதும் நிதானம் இழக்காதவர். அவர் காலத்தில் தவறான பொருள் ஒன்றுகூட வாங்கப்படவில்லை. சரியான பொருளும் வாங்கப்படவில்லை என்று சொல்பவர்கள் வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள்.

அப்பேர்ப்பட்டவரின் தங்கை ஒருநாள் கையெல்லாம் கிரீஸோடு வந்து நின்றாள். பைக் பட்டறை நடத்துகிறவள். தானே பிரித்துப் பூட்டிய பைக்கில் முதல் தடவையாகப் பந்தயத்துக்குப் போகிறாள்.

"அண்ணா, இன்னும் ரெண்டு மாசத்துல ரேஸ். நீ வந்து கேலரில உக்காரணும். ரெண்டாவது வளைவ நெனச்சாலே பயமா இருக்கு. நீ அங்க இருக்கேன்னு தெரிஞ்சா ஓட்டிடுவேன்."

"சும்மா வந்து உக்காந்தா போதுமா? படம் எடுக்க வேண்டாமா?"

"இருக்கற கேமராலயே எடேன்."

"இதுல இருக்கற லென்ஸுக்கு நீ எறும்பு மாதிரி தெரிவ. உன் முதல் ரேஸ். விளையாட்டா?"

அன்றே கோப்பு திறக்கப்பட்டது. மூவர் குழுவும் அமைக்கப்பட்டது: தலைவர் அவரே, உறுப்பினர்கள், செவிலியராக வேலை பார்க்கும் மனைவியும், மொபெட் வைத்திருந்த குற்றத்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரரும். சாப்பாட்டு மேஜையில் முதல் கூட்டம் கூடியது.

"இருநூறு, நானூறு, அறுநூறு என மூன்று லென்ஸ்கள் பரிசீலனையில் உள்ளன," என்று தலைவர் வாசித்தார். "எண் கூடக் கூட, தூரத்துல இருக்கறது பெருசாத் தெரியும். லென்ஸும் கனக்கும். உறுப்பினர்கள் கருத்து?"

"முகம் தெரிஞ்சா போதுங்க," என்றாள் மனைவி, தட்டுகளை எடுத்துக்கொண்டே.

"ஹெல்மெட் போட்டிருப்பாளே."

"கழட்டாமலேவா இருக்கப்போறா? அப்ப எடுங்க."

'முகம் தெளிவாகத் தெரிதல்: அவசியத் தகுதி' என்று கோப்பில் ஏறியது. பக்கத்து வீட்டுக்காரர் தமக்குக் கருத்து எதுவும் இல்லை என்றார். அதுவும் ஏறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலியான பந்தய மைதானத்தில் கள ஆய்வு. கண்காணிப்பாளர் அளவு நாடாவோடு ஒவ்வொரு வரிசையாக ஏறி உட்கார்ந்து பார்த்தார். முன்வரிசைகளில் கம்பிவேலி குறுக்கே வந்தது. பதினான்காம் வரிசையில் பார்வை வேலிக்கு மேலே போனது. அங்கிருந்து இரண்டாவது வளைவு நூற்றுப்பத்து மீட்டர். ஆக, அறுநூறு.

ஆனால் பரிசோதிக்காமல் எப்படி? லென்ஸ் ஒரு நாள் வாடகைக்கு எடுக்கப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தெருவில் மொபெட்டோடு இருபத்தாறு தடவை போய்வந்தார். வண்டி ஓடும் வேகத்துக்கு லென்ஸும் கூடவே திரும்ப வேண்டும் என்பதால், கண்காணிப்பாளர் வாசலில் நின்று இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பயின்றார்.

"இன்னும் கொஞ்சம் வேகமா வாங்க சார்!"

"இதுதாங்க வேகம். இதுக்கு மேல போனா டாக்டர் திட்டுவார்."

இருபத்தேழாவது தடவை பெட்ரோல் தீர்ந்தது. லென்ஸ் தேறிவிட்டது; கொள்முதல் ஆணையும் போனது. இதற்கிடையில் தங்கை மூன்று ஞாயிறு பயிற்சிக்குக் கூப்பிட்டாள். "லென்ஸ் வராம வந்து என்ன பிரயோஜனம்?" என்று நியாயமான காரணம் சொல்லி அனுப்பினார்.

பந்தய நாளும் வந்தது. பதினான்காம் வரிசையில் கண்காணிப்பாளர், அருகில் நீலப் புடவையில் மனைவி. அறுநூறு பீரங்கியாக நீண்டிருந்தது. தங்கையின் இருபத்தேழாம் எண் பைக் முதல் சுற்றில் அந்த வளைவைக் கச்சிதமாகத் தாண்டியது. இரண்டாவது சுற்றில் பின் சக்கரம் வழுக்கியது. பைக் ஒரு பக்கம் போக, தங்கை சரளையில் உருண்டு போய்க் கிடந்தாள்.

கேலரியே எழுந்து நின்றது. கடமை தவறாத கண்காணிப்பாளர் மட்டும் எழவில்லை. எழுந்தால் படம் ஆடும்.

"ஐயோ, விழுந்துட்டா! வாங்க!" மனைவி தோளை உலுக்கினாள்.

"பாத்துட்டுதான இருக்கேன். தோளத் தொடாத, ஆடுது."

தோள் விடப்பட்டது. அதற்குப்பின் ஆட்டமே இல்லை. நாற்பத்தொரு படங்கள். கடைசிப் படத்தில் ஸ்ட்ரெச்சர் ஓரமாக மறைந்தது. கண்காணிப்பாளர் லென்ஸுக்கு மூடியிட்டு, துணியால் துடைத்து, பையில் வைத்து, ஜிப்பை இழுத்துவிட்டுத்தான் இறங்கினார்.

முதலுதவி அறையில் தங்கை கட்டிலில் சாய்ந்திருந்தாள். தோளருகே காறையெலும்பு முறிந்திருந்தது. மனைவி இவர் பக்கம் திரும்பாமல், அவள் கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித்தொட்டிலில் பொருத்திக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டார், கல்நெஞ்சக்காரர் இல்லை. பதில் வருவதற்குள் கேமராவை நீட்டினார். "இதப் பாரு, வலியே மறந்துடும். சரளைக்கல்லு தெறிக்கறது ஒண்ணொண்ணாத் தெரியுது. நீ ஹெல்மெட் கழட்டினதும் உன் முகம், பாரு! பத்தொம்பதுலேர்ந்து மட்டும் ஒரு பொம்பள குறுக்க வந்து கெடுத்துட்டா. முதுகக் காட்டிக்கிட்டு நகரவே மாட்டேங்கறா. அதெல்லாம் அழிச்சிடலாம்."

கட்டுப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

தங்கை நல்ல கையால் கேமராவை வாங்கினாள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய், முப்பத்தொன்றில் நிறுத்திப் பெரிதாக்கினாள். நீலப் புடவைக்காரி சரளையில் மண்டியிட்டபடி கேலரியைத் திரும்பிப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். கலைந்த முடி, கன்னத்து ஈரம், நீட்டிய கை, எல்லாம் துல்லியம். அவசியத் தகுதி முழுமையாக நிறைவேறியிருந்தது.

கண்காணிப்பாளர் படத்தைப் பார்த்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற நீலப் புடவையைப் பார்த்தார்.

"நல்ல லென்ஸ் அண்ணா," என்றாள் தங்கை. "அண்ணி உன்னத்தான் கூப்பிடறாங்க, தெரியுதா?" கேமராவை அவர் கையில் வைத்தாள். "இதுக்கப்புறமும் பத்துப் படம் எடுத்திருக்க."